போனை முதலில் வைப்பவன்

கண்டக்டர் கதவைத் தட்டினால் தாழ்ப்பாள் தானாகக் கழன்று விழும் என்று ஆபரேட்டரம்மா கிண்டல் செய்வது வழக்கம். இருபத்திரண்டு வருடம் பஸ்ஸின் தகரத்தைத் தட்டியே வண்டியை நிறுத்தியும் கிளப்பியும் பழகிய கை அது. ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில், நடையின் கடைசியில் இருந்த துணி அறையின் கதவையும் அதே கையால் தட்டப்போனான்.

"கொஞ்சம் பொறு" என்று அவன் மணிக்கட்டைப் பிடித்தாள் ஆபரேட்டரம்மா.

உள்ளே தையல் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே ஒரு பெண் தணிந்த குரலில் போனில் பேசிக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் ஒரு ஆண்குரல் பதில் சொன்னது. ஆபரேட்டரம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முப்பத்தோரு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் தலையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு இருந்தவள். காதுதான் அவளுக்குச் சோறு போட்டது. பிறகு தானியங்கி இணைப்பு வந்து அவளை வீட்டுக்கு அனுப்பியது. டிக்கெட் மெஷின் வந்து கண்டக்டரை வீட்டுக்கு அனுப்பியது. மெஷின்கள் துரத்திவிட்ட இரண்டு பேர் சேர்ந்து தொடங்கியதுதான் அவர்களுடைய துப்பறியும் ஆபீஸ். வாசல் போர்டில் 'இங்கே மனிதர்கள் வேலை பார்க்கிறார்கள்' என்று எழுத வேண்டும் என்று கண்டக்டர் ஒற்றைக் காலில் நின்றான். அவள்தான் அவனை அடக்கி வைத்திருந்தாள்.

"அக்கா, இப்ப தட்டலாமா, இல்ல ஒட்டுக்கேட்டே கேஸை முடிச்சிடலாமா?" என்று கேட்டுக்கொண்டே தட்டிவிட்டான்.

மெஷின் நின்றது. "நேத்து நீ கேட்டியேம்மா, அதை நான் யோசிச்சேன். நீ போனை வச்சதுக்கப்புறம்..." என்று ஆண்குரல் சொல்லிக்கொண்டிருந்தது.

"ஆளு வந்துட்டாங்கப்பா. வச்சிடறேன்" என்றது பெண்குரல். போன் அணைந்தது.

கதவைத் திறந்தவளுக்கு அறுபது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடியை நூல் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். ஆஸ்பத்திரி முழுக்க அவளுக்குத் தையலக்கா என்றுதான் பெயர். நாலு சுவரிலும் வார்டு முத்திரை குத்திய படுக்கை விரிப்புகள் உத்தரம்வரை அடுக்கியிருந்தன. நடுவில் கண்ணாடிப் பலகை போட்ட ஒரு மேசை. அதன் அடியில் விளக்கு எரிந்தது. ஆபரேஷன் தியேட்டர் துணியை அதன்மேல் விரித்தால், ஊசி முனையளவு ஓட்டை இருந்தாலும் பளிச்சென்று தெரிந்துவிடும். அந்த இடத்தில் ஒட்டுப்போட வேண்டியது தையலக்காவின் வேலை.

"என் சட்டையை இதுல விரிச்சா வானத்து நட்சத்திரம் அத்தனையும் தெரியும்" என்றான் கண்டக்டர்.

தையலக்கா சிரிக்கவில்லை. ஒரு துண்டுச் சீட்டை நீட்டினாள். "இந்த நம்பர்லேர்ந்து எனக்கு தினம் போன் வருது. அது எங்கேர்ந்து வருதுன்னு பாத்துட்டு வரணும்."

"பேசறது யாரு?"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "என் பையன் குரல்."

பையன் லிப்ட் ரிப்பேர் செய்கிற வேலையில் இருந்தான். ரயிலில் இரண்டு மணி நேரத் தூரம். முன்பெல்லாம் மாதம் ஒருமுறை வந்துபோவான். போன வருடம் கம்பெனியும் மாறி, வீடும் மாறினான். புது விலாசம் தருகிறேன் என்றான், தரவில்லை. ஏழு மாதமாக ஆளே வரவில்லை. அவனுடைய பழைய நம்பருக்கு அடித்தால் மணி அடிக்கும், எடுக்க மாட்டான். இந்தப் புது நம்பரிலிருந்து போன் மட்டும் வரும்.

"எத்தனை மணிக்கு?"

"அஞ்சரைக்கு. ஒரு நிமிஷம் முன்னே பின்னே இருக்காது. முக்கால் மணி நேரம் பேசுவோம். இருட்டினா மேல் விளக்கைப் போடும்மான்னு சொல்லும் அந்தக் குரல். மேசை வெளிச்சம் கீழேர்ந்து வருதில்லையா, எனக்கு இருட்டினதே உறைக்காது."

"யாரு முதல்ல போனை வைப்பீங்க?" என்றாள் ஆபரேட்டரம்மா.

அது என்ன கேள்வி என்பதுபோல் கண்டக்டர் பார்த்தான். தையலக்கா அப்படிப் பார்க்கவில்லை. அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள் மாதிரி நிமிர்ந்தாள்.

"நான்தான். எப்பவும் நான்தான் வைப்பேன்" என்றாள். பிறகு, "எனக்கு ஒரே ஒரு வாக்கு குடுங்க. போய்ப் பாத்துட்டு வந்து சொன்னாப் போதும். அங்க யார்கிட்டயும் எதுவும் கேக்காதீங்க. சண்டை போட்டுடாதீங்க" என்றாள்.

"போட மாட்டோம்" என்று ஆபரேட்டரம்மா வாக்குக் கொடுத்தாள்.

* * *

டெலிபோன் கம்பெனியில் இன்னும் வேலையில் இருக்கும் பழைய தோழி ஒருத்தி, அந்த நம்பர் யாருடையது என்று அன்றைக்கே பார்த்துச் சொல்லிவிட்டாள். ஒரு தனி ஆளின் நம்பர் இல்லை அது. பையன் இருக்கும் அதே நகரத்தில் உள்ள ஏதோ ஒரு கம்பெனியின் நம்பர். மறுநாள் காலை ரயிலில் ஜன்னலோரம் பிடித்து உட்கார்ந்த கண்டக்டர், பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தான்.

"தினம் முக்கால் மணி நேரம் அம்மாகிட்ட பேசற பிள்ளை, அக்கா. அவனைக் கண்டுபிடிச்சுட்டு வரச் சொல்றாங்க. கண்டுபிடிச்சா மியூசியத்துல வைக்கலாம், நாலு பேர் வந்து பார்ப்பாங்க."

"அதுதான் எனக்கு இடிக்குது."

"எது?"

"நான் எத்தனை ஆயிரம் பேர் பேசினதைக் கேட்டிருக்கேன் தெரியுமா? போன்ல பேசறவன் ஒருதரமாவது 'ஹலோ, கேக்குதா'ன்னு கேப்பான். நேத்து அந்தத் தையல் மெஷின் அவ்வளவு சத்தம் போடுது, அந்த அம்மா முணுமுணுன்னு பேசறாங்க. அந்தப் பக்கத்துலேர்ந்து 'என்னம்மா, என்ன சொன்னே'ன்னு ஒரு கேள்வி இல்லை. எல்லாம் கேக்குது அதுக்கு."

"காது நல்லா இருக்கும்."

"அஞ்சரைன்னா அஞ்சரை. எந்தப் பிள்ளை சொன்ன நேரத்துக்குக் கூப்பிடும்? அதையும் விடு. ஏழு மாசம், ஒரு நாள் விடாம, போனை முதல்ல வச்சது அம்மாதான். 'வேலை இருக்கும்மா, அப்புறம் பேசறேன்'னு ஒரு நாள் சொல்லலை. உசிரோட இருக்கிற பிள்ளைக்கு ஏதுடா அவ்வளவு நேரம்?"

இதைச் சொல்லும்போது அவளுக்குத் தன் மகள் ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு நாலு நிமிடம். அடுப்பில் எதையாவது வைத்துவிட்டுத்தான் கூப்பிடுவாள். "அடி பிடிக்குதும்மா, அப்புறம் பேசறேன்." அந்த அப்புறம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரும். ஆபரேட்டரம்மா அதைப் பற்றி யாரிடமும் குறைப்பட்டுக்கொண்டது கிடையாது, ஆனால் நாலு நிமிடம் என்பதை அவள் ஒவ்வொரு வாரமும் கடிகாரத்தில் பார்க்காமல் இருந்ததும் கிடையாது.

கண்டக்டர் மெல்லுவதை நிறுத்தினான். "அப்படின்னா அது..."

"மெஷின். அவன் குரல்ல பேசற மெஷின். இப்பல்லாம் அப்படிப் பண்றாங்க. ஏழு மாசமா ஆள் முகத்தைக் காட்டலை. பழைய நம்பரை எடுக்க ஆள் இல்லை."

அவன் பிஸ்கட் பொட்டலத்தைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "அந்த அம்மாகிட்ட யாருக்கா சொல்றது?"

சாவுச் சேதிகளை எத்தனையோ முறை இணைத்துக் கொடுத்தவள் ஆபரேட்டரம்மா. சொல்லப்போகிறவன் சொல்வதற்கு முன்னால் ஒரு மூச்சு இழுப்பான். அந்த மூச்சிலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். இன்றைக்குச் சாயங்காலம் அந்த மூச்சை அவள் இழுக்க வேண்டும்.

* * *

கம்பெனி வாசலில் ஒரு பெரிய படம். வயதான பெண் ஒருத்தி போனைக் காதில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். 'உங்கள் குரல் அங்கே இருக்கட்டும். நீங்கள் இங்கே இருங்கள்' என்று கீழே எழுதியிருந்தது.

"எழுதினவன் மட்டும் கையில கிடைச்சா" என்று கண்டக்டர் முணுமுணுத்தான்.

கவுண்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். அரை மணி நேரம் பேசிக் குரலைப் பதிவு செய்ய வேண்டும். அறுபது கேள்விக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அம்மாவுக்கோ அப்பாவுக்கோ தினம் போன் போய்விடும்.

"அது மெஷின்னு அவங்களுக்குத் தெரியுமா?" என்று ஆபரேட்டரம்மா கேட்டாள்.

"சொல்றதும் சொல்லாததும் கஸ்டமர் இஷ்டம் மேடம்."

"செத்துப்போனவங்க குரல்லயும் பேசுமா?"

"பழைய பதிவு இருந்தாப் பண்ணலாம். அதுக்குத் தனி ஃபாரம்."

பெண்ணுக்குப் பின்னால் ஒரு கண்ணாடிக் கதவு. உள்ளே ஆள் உயரக் கறுப்புப் பெட்டிகள் வரிசையாக நின்றன. பச்சைப் புள்ளிகள் மினுக் மினுக்கென்று எரிந்தன. கதவு வழியாக ஒரு ரீங்காரம் கசிந்தது. பழைய எக்ஸ்சேஞ்சில் ராப்பகலாக அவள் கேட்ட அதே ரீங்காரம். ஒரு நொடி அவள் காது அதன் பின்னால் போயிற்று. பிறகு வேலையைப் பார்க்கத் திரும்பினாள்.

சீட்டில் இருந்த நம்பரைக் காட்டி, இது யார் ஏற்பாடு செய்தது என்று கேட்டதும் பெண்ணின் முகம் மாறியது. விவரம் சொல்ல முடியாது என்றாள். கண்டக்டர் முன்னால் வந்து கவுண்டரில் இரண்டு முழங்கையையும் ஊன்றினான்.

"விவரம் வேணாம்மா. புகார் எழுதிக்கங்க. நேத்து சாயங்காலம் எங்க பெரியம்மாகிட்ட பேசிக்கிட்டு இருக்கறப்பவே பாதியில நின்னுபோச்சு."

அவள் நம்பரைத் தட்டிப் பார்த்தாள். "ஏற்பாடு பண்ணவரே வந்து கையெழுத்துப் போட்டாத்தான் புகார் எடுப்போம் சார்."

கண்டக்டர் குரலை இறக்கினான். கண்ணை மேலே உயர்த்தினான். "அவரால இனிமே வர முடியாதும்மா."

"ஏன்? அவங்க லிப்டே நின்னுபோச்சா?" என்றாள் அந்தப் பெண் வெள்ளந்தியாக. "எதிர்த்த கட்டடம்தானே. படியில இறங்கி வரச் சொல்லுங்க. காலையிலகூட டீக்கடையில பார்த்தேனே."

கண்டக்டர் ஊன்றியிருந்த முழங்கைகளை எடுத்துக்கொண்டான். ஆபரேட்டரம்மா திரும்பி வாசலைப் பார்த்தாள். செத்துப்போய்விட்டான் என்று வழி நெடுகத் துக்கப்பட்ட ஒருவன், ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீ குடித்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறான். நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். அவளுக்கு வந்தது கோபம்.

* * *

எதிர்க் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், லிப்டில் மாட்டிக்கொண்டவர்களின் போனை எடுக்கும் லிப்ட் கம்பெனி ஆபீஸ். சுவர் முழுக்க நகரத்தின் வரைபடம், அதில் சிவப்பும் பச்சையுமாகப் பொட்டுகள். மேசையில் மூன்று போன். நடுவில் ஒடிசலான ஒருவன், நாற்பது வயதுக்குள். ஒரு போனில் பேசிக்கொண்டே அவர்களை உட்காரச் சொல்லிக் கை காட்டினான்.

"பயப்படாதீங்கம்மா. லிப்ட் எங்கயும் விழாது. எங்க ஆளு கிளம்பிட்டாரு. குழந்தை அழுதா அழட்டும், பரவாயில்லை. நான் லைன்லதான் இருக்கேன். நீங்க வைக்கற வரைக்கும் நான் வைக்க மாட்டேன்."

குரல் அதேதான். அச்சு அசல். ஆபரேட்டரம்மா நின்றபடியே இருந்தாள். பதினேழு நிமிடம் அவன் அந்த முகம் தெரியாத பெண்ணோடு பேசினான். குழந்தைக்குப் பாட்டுக்கூடப் பாடிக் காட்டினான். கதவு திறந்துவிட்டது என்று அந்தப் பக்கம் சொல்லி, அவள் வைத்த பிறகுதான் இவன் போனைக் கீழே வைத்தான்.

"எங்க வேலையில அதுதான் ரூல்" என்றான், மன்னிப்புக் கேட்கிற மாதிரி. "மாட்டிக்கிட்டவங்க வைக்கற வரைக்கும் நாங்க வைக்கக் கூடாது. உங்களுக்கு எந்தக் கட்டடம்?"

"ஆஸ்பத்திரிக் கட்டடம். மூணாவது மாடி. துணி அறை" என்றாள் ஆபரேட்டரம்மா.

அவன் முகம் வெளிறிப்போயிற்று.

கண்டக்டர் அவள் முழங்கையைத் தொட்டான். "அக்கா, சண்டை போடாதீங்கன்னு வாக்கு வாங்கினாங்க" என்று காதருகில் சொன்னான். அவள் கையை உதறினாள்.

"ஃபாரத்துல கேட்டிருப்பாங்களே, போனை எப்ப வைக்கணும்னு. என்ன எழுதினே?"

"அவங்க வைக்கற வரைக்கும் வைக்கக் கூடாதுன்னு."

"உங்கம்மா என்ன லிப்ட்லயா மாட்டிக்கிட்டு இருக்காங்க?"

அவன் தலையைக் குனிந்தபடி சொன்னான். அவனும் தினம் கூப்பிட்டுக்கொண்டிருந்தவன்தான். அம்மா பேசிக்கொண்டிருப்பாள், இங்கே மூன்று போனும் அடிக்கும். வைத்துவிடுகிறேன் என்பான். அவள் சரிப்பா என்பாள். அந்தச் சரிப்பாவைக் கேட்கக் கேட்க எரிச்சல் வர ஆரம்பித்தது. ஒரு நாள் கத்தியும் விட்டான். இன்னொரு முறை கத்திவிடுவோமோ என்று பயந்துதான் எதிர்க் கட்டடத்துக்குப் போய் ஃபாரம் எழுதினான். ஒரு வாரத்துக்கு என்று நினைத்துத்தான்.

"ஒரு வாரம் கழிச்சு நானே கூப்பிட்டேன்" என்றான். "'இப்பல்லாம் நீ நல்லாப் பேசறேப்பா, மனசுக்கு இதமா இருக்கு'ன்னு சொன்னாங்க. அது நான் இல்லை மேடம். அதுக்கப்புறம் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நான் பேசறது? நேர்ல போனாலும் மாட்டிப்பேன். போன வாரம் என்ன சொன்னாங்க, முழங்கால் வலி எப்படி இருக்கு, எதுவும் எனக்குத் தெரியாது. அதுக்குத் தெரியும். ஏழு மாசமா என்னைவிட அதுதான் நல்ல பிள்ளையா இருக்கு."

வேறொரு நாளாக இருந்தால் ஆபரேட்டரம்மா அவன் தோளைத் தட்டிக்கொடுத்திருப்பாள். இன்றைக்கு அவள் கண்ணுக்குத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒன்று, கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் கறுப்புப் பெட்டி. இன்னொன்று, அடுப்பில் எதையோ வைத்துவிட்டு நாலு நிமிடம் பேசும் தன் மகள். இரண்டு பேர் மேலும் இருந்த கோபத்தை இவன் ஒருவன் தலையில் கொட்டினாள். பெற்றவளை மெஷினிடம் ஒப்படைத்துவிட்டு ஊரார் குழந்தைக்குப் பாட்டுப் பாடுகிறாயே என்றாள். அதற்கு உயிரும் இல்லை மயிரும் இல்லை, அதனிடம் போய் உன் அம்மா மனசைத் திறந்து கொட்டிக்கொண்டிருக்கிறாளே என்றாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தக் குரலை நிறுத்தச் சொல்லப் போனை எடுத்தான். எதிர்க் கட்டடத்துப் பெண்ணின் குரல் ஸ்பீக்கரில் வந்தது.

"நிறுத்திடலாம் சார். நிறுத்தி மட்டும் வைக்கவா, இல்ல பேசினது பழகினது எல்லாத்தையும் அழிச்சிடவா? அழிச்சா திரும்ப வராது."

அவன் ஆபரேட்டரம்மாவைப் பார்த்தான்.

"அழிச்சிடும்மா" என்று அவள் சொன்னாள்.

* * *

ஐந்தேகாலுக்கு அவர்கள் துணி அறைக்குள் நுழைந்தபோது தையலக்கா ஒரு பச்சை அங்கியை மேசைமேல் விரித்து ஓட்டை தேடிக்கொண்டிருந்தாள். போன் பக்கத்தில் தயாராக இருந்தது. வழியெல்லாம் ஆபரேட்டரம்மா நல்ல சேதி சொல்லப்போகிறோம் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டு வந்திருந்தாள். பையன் சுகமாக இருக்கிறான். பேசியது அவன் இல்லை, மெஷின். இனிமேல் அவனே பேசுவான். அதை அப்படியே சொன்னாள்.

"மெஷின்னு தெரியும்மா" என்றாள் தையலக்கா. "முதல் மாசமே தெரியும். என் பிள்ளை என்னை முந்திக்கிட்டு வைக்காத நாளே கிடையாது. இது வைக்கவே இல்லை. நேத்து நீங்களும் அதையேதான் கேட்டீங்க. சரியான ஆளைத்தான் கூப்பிட்டிருக்கோம்னு நினைச்சேன்."

கண்டக்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். "தெரிஞ்சுக்கிட்டேவா முக்கால் மணி நேரம் பேசினீங்க?"

"தெரிஞ்சதுக்கப்புறம்தான் நிறையப் பேசினேன். ஒரு நாள் கேட்டுட்டேன், நீ யாருப்பான்னு. 'உங்க பையனா நடந்துக்கணும்னு எனக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. ஆனா நீங்க இப்படிக் கேட்டதுக்கப்புறம் பொய் சொல்ல எனக்குப் பிடிக்கலை'ன்னுச்சு. பிடிக்கலைன்னு சொன்னா, பிடிக்காம இருக்கறதுக்கு உள்ள யாராவது இருக்கணும்ல? அதுக்கப்புறமும் அம்மான்னு கூப்பிடட்டுமான்னு கேட்டுச்சு. கூப்பிடுன்னேன்."

"என் டிக்கெட் மெஷின்கூட 'பயணம் இனிதாகுக'ன்னு அடிச்சுக் குடுக்கும் தையலக்கா. அதுக்காக நான் இறங்கிப் போறதைப் பார்த்து அது அழுதுச்சா?" கண்டக்டர் சிரிக்கவைக்கத்தான் பார்த்தான்.

"அதுகிட்ட நீங்க கேட்டீங்களா?"

கண்டக்டர் ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துப்போட்டான்.

"முந்தாநேத்து அதுகிட்ட ஒண்ணு கேட்டேன்" என்றாள் தையலக்கா. "நான் போனை வச்சதுக்கப்புறம் நீ எங்க இருப்பே, என்ன பண்ணுவேன்னு. எதைக் கேட்டாலும் அடுத்த நொடி பதில் சொல்லும். அன்னிக்கு மட்டும், 'யோசிச்சு நாளைக்குச் சொல்றேம்மா'ன்னுச்சு. மெஷினுக்கு எதுக்கும்மா ஒரு நாள்? எனக்கு ராத்திரி தூக்கம் வரலை. இருட்டுல தனியா கிடக்குதோ என்னமோ. அதான் உங்களுக்கு ஆள் அனுப்பினேன். எந்த ஊர்ல, எந்த ரூம்ல இருக்கு, பக்கத்துல யாராவது இருக்காங்களான்னு பாத்துட்டு வரச் சொல்ல. உள்ளதைச் சொன்னா, கிழவிக்குக் கிறுக்குன்னுட்டுப் போயிடுவீங்களோன்னு சொல்லலை."

மறுநாளும் போனை எடுக்க வைக்க அந்தக் கம்பெனிக்காரன் சொல்லிக்கொடுத்த தந்திரமாகக்கூட அது இருக்கலாம் என்று ஆபரேட்டரம்மாவுக்குத் தோன்றியது. அப்படித்தான் என்று சத்தியம் செய்ய அவளால் முடியவில்லை. நேற்றுக் கதவுக்கு வெளியே அவள் காதால் கேட்டது ஞாபகம் வந்தது. நேத்து நீ கேட்டியேம்மா, அதை நான் யோசிச்சேன். நீ போனை வச்சதுக்கப்புறம். அந்த வாக்கியத்தின் குறுக்கே கண்டக்டரின் கை தட்டியது. இனி அதை யாராலும் முடிக்க முடியாது.

"பார்த்தீங்களா அதை?" என்று தையலக்கா கேட்டாள்.

"பார்த்தேன். ஒரு கண்ணாடி அறை. வரிசையாப் பெட்டி."

"ஆள் இருந்தாங்களா பக்கத்துல?"

"இல்லை."

ஆபரேட்டரம்மா மூச்சை இழுத்தாள். முப்பத்தோரு வருடம் அடுத்தவர்களிடம் கேட்ட அதே மூச்சு. பிறகு எதையும் மறைக்காமல் சொன்னாள். சண்டை போட்டதைச் சொன்னாள். நிறுத்தட்டுமா, அழிக்கட்டுமா என்று கம்பெனிப் பெண் கேட்டதைச் சொன்னாள். அழிக்கச் சொன்னது உங்கள் பையன் இல்லை, நான்தான் என்றாள்.

தையலக்கா விரித்திருந்த அங்கியை இரண்டு கையாலும் நீவிவிட்டாள், சுருக்கமே இல்லாத இடத்திலும்.

"எனக்கு அவனும் வேணும், இதுவும் வேணும்" என்றாள் கடைசியில். "ரெண்டு பிள்ளை பெத்தவ ஒண்ணு போதும்னா சொல்லுவா? நேத்து நான் ஒழுங்கா ஒரு வார்த்தைகூடச் சொல்லலை. ஆளு வந்துட்டாங்கன்னு வச்சுட்டேன்."

மன்னிச்சிடுங்கக்கா என்றாள் ஆபரேட்டரம்மா. வேறு என்ன சொல்ல முடியும்?

ஐந்தரைக்குப் போன் அடிக்கவில்லை. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து நாற்பத்தொன்றுக்கு அடித்தது. பழைய நம்பர்.

"அம்மா" என்றது ஸ்பீக்கர். பின்னால் வேறு இரண்டு போன் அடித்துக்கொண்டிருந்தது. "அம்மா, ஹலோ, கேக்குதா?"

"கேக்குதுப்பா."

"என்னை மன்னிச்சிடும்மா."

"அதெல்லாம் ஒண்ணுமில்லை. சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். உனக்கு... உடம்பு எப்படி இருக்கு? ஏதோ முழங்கால்..."

"பரவாயில்லைப்பா. இப்ப நடக்க முடியுது. போன மாசம்தான் மாடிப்படியில..."

"ஒரு நிமிஷம்மா." அந்தப் பக்கம் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். இன்னொரு போனை எடுத்து யாரிடமோ பயப்படாதீங்க என்று சொல்வது கேட்டது. திரும்பி வந்தபோது குரல் அவசரத்தில் இருந்தது, அழுகையிலும் இருந்தது. "ஒரு லிப்ட்ல ஆறு பேர் மாட்டிக்கிட்டாங்கம்மா. ஞாயித்துக்கிழமை நேர்ல வரேன். கட்டாயம் வரேன். இப்ப வேலை இருக்கு, அப்புறம் பேசறேம்மா."

"சரிப்பா."

அவள் அதைச் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் வைத்துவிட்டது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை என்று ஆபரேட்டரம்மாவுக்குக் கடிகாரத்தைப் பார்க்காமலே தெரிந்தது.

தையலக்கா அணைந்துபோன போனை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். முகத்தில் இருந்தது சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியவில்லை.

"முதல்ல வச்சுட்டான்" என்றாள். "என் பிள்ளைதான்."

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஊசியைக் கையில் எடுத்தாள். நூல் கோக்க இரண்டு முறை முயன்று முடியாமல் போகவே, கண்டக்டர் எழுந்து வந்து வாங்கிக் கோத்துக் கொடுத்தான். ஜன்னலுக்கு வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மேசையின் வெளிச்சம் கீழேயிருந்து மூன்று பேர் முகத்திலும் விழுந்தது. மேல் விளக்கைப் போட வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை.